சென்டர் லைன் இல்லாத படம்

எண்பதுகளின் கடைசியில் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். எதிர்வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த வயதான ஓவியர், ஊருக்குக் கிளம்பும்போது ஒரு காகிதத்தை என்னிடம் தந்து, "ஒரு பொண்ணு நிக்கிறாம்மா" என்றார். கறுப்பு மையில், ஒரு பக்கமாகச் சாய்ந்த ஏழெட்டுக் கோடுகள், அவ்வளவுதான். முகம்கூட இல்லை. எனக்கு ஏனோ பிடித்துப்போய் ஹாலில் மாட்டினேன்.

என் கணவருக்குத் தொழிற்சாலையில் ராணுவ டாங்கிப் பாகங்களை வரைகிற வேலை. நடுக்கோடு போடாமல் எதையும் தொடங்க மாட்டார். படத்தின்மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னா படம் இது? சென்டர் லைனே இல்ல" என்றார்.

"அது டாங்கி இல்லீங்க, பொம்பள" என்றேன் எரிச்சலோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவுக்காரர்கள் வந்தால் சிரிப்பார்கள் என்று படத்தைக் கழற்றினார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன்.

"அப்டியே நில்லு, நகராத!"

திரும்பிப் பார்த்தேன். கையிலிருந்த படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தபடி வந்தார். சாய்ந்திருந்த என் தோளிலிருந்து குதிகால்வரை காற்றில் விரலால் ஒரு கோடு இழுத்தார்.

"இங்க போவுது பாரு, சென்டர் லைன்."

கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான். படம் மறுபடி ஆணிக்குப் போனது. இடுப்பு கடுத்தும், குழந்தையை நான் இறக்கிவிடவே இல்லை.