அம்மன் சப்பரத்துக்கு ஒரு சிமுலேஷன்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்கள் என்னிடம் ஃபைனைட் எலிமென்ட் சிமுலேஷனுக்கு டிப்ஸ் கேட்பார்கள். ஒரு பொருளைக் கணினிக்குள் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, பாரம் ஏற்றினால் எந்தத் துண்டு எவ்வளவு பாடுபடும் என்று கணக்குப் பார்க்கும் வேலை அது. நானும் சலிக்காமல் சொல்வேன். முதலில் பெரிய துண்டுகளாக வெட்டி ஓட்டிப் பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே பொடிப்பொடியாக நறுக்கினால் கணினி திணறிப்போகும். மீட்டரையும் மில்லிமீட்டரையும் கலக்காதீர்கள். மேலே ஏற்றிய பாரமும் கீழே கால்களில் வந்து சேரும் பாரமும் ஒன்றுதானா என்று கூட்டிப் பாருங்கள். எல்லாரும் பயபக்தியோடு எழுதிக்கொள்வார்கள். ஒருவரும் செய்ய மாட்டார்கள்.

முடிவுப் படத்தை ஆள் பார்த்து அனுப்ப வேண்டும் என்ற டிப்ஸை மட்டும் எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லித் தந்தது நமுனுகுல பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டி.

அப்பா கமிட்டித் தலைவர். தேயிலை ஃபெக்டரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே பதவி. எங்கள் தோட்டத்தின் பக்கத்து டிவிஷன்காரர்களின் சப்பரம் எங்களுடையதைவிட உயரமாகிவிட்டது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அதனால் இந்தத் திருவிழாவுக்கு இரும்புக் குழாயில், அதைவிட உயரமாக ஒன்று செய்யத் தீர்மானித்தார்கள். அதை டிராக்டர் பெட்டியில் நிறுத்தி, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள் தோறும் கொண்டுபோவார்கள். உச்சியில் ஒருவர் மூங்கில் கவைக்கம்போடு நின்று, குறுக்கே வரும் கரண்ட் கம்பிகளைத் தூக்கிவிட வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் அப்பாதான். என் கவலை முழுவதும் அந்த உச்சியில்தான் இருந்தது. அம்மன் தன்னைத் தானே பார்த்துக்கொள்வாள்.

நான் பதுளையில் அறை எடுத்துத் தங்கி, கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு அங்கிருந்தே வேலை செய்கிறேன். அப்பா சொன்ன அளவுகளை வைத்து சப்பரத்தைக் கணினியில் கட்டினேன். அதிகம் பாடுபடும் இடத்தைக் கணினி சிவப்பாகவும், குறைவாகப் பாடுபடும் இடத்தை நீலமாகவும் காட்டும்; கால்களின் அடிப்பகுதி சிவந்து வந்தது. கூரான மூலைகளில் வரும் சிவப்பைக் கண்டு பயப்படத் தேவையில்லை. நறுக்க நறுக்க அது கூடிக்கொண்டே போகும், வெறும் கணக்கின் கோளாறு. இது அப்படி இல்லை, நிஜம். படத்தை அப்பாவின் ஃபோனுக்கு அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை வந்து விளக்குகிறேன், அதுவரை வேலையைத் தொடங்க வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பசறை பஸ்ஸில் குலுங்கிப் போய் இறங்கினால், சப்பரம் முடிந்து நிற்கிறது. என் படத்தைப் பெரிதாக அச்சடித்து, லேமினேட் செய்து, குங்குமப் பொட்டு வைத்துக் கோயில் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

“பாத்தியா, கால் பூரா எப்பிடிச் செவந்து இருக்குன்னு? அம்மன் கடாட்சம்,” என்றார் அப்பா. “மேலதான் நீலம் பூத்துக் கெடந்துச்சு. அங்க ரெண்டு பங்கு இரும்பு போடச் சொல்லிட்டேன்.”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் சிவப்பு என்றால் குங்குமம், அம்மன் சேலை. நீலம் என்றால் பாம்பு கடித்த உடம்பு. இந்த நியாயப்படி, மெலிந்த கால்களின் மேல் ஒரு தண்ணீர்த் தாங்கி கனத்துக்கு இரும்பு ஏறியிருந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்து வளைவில் டிராக்டர் திரும்பும்போது அது எந்தப் பக்கம் சாயும் என்று அறிய எனக்குக் கணினி தேவைப்படவில்லை.

“மேல யாருப்பா ஏறுறது?”

“இது என்னா கேள்வி? மக கணக்குப் போட்ட சப்பரத்துல அப்பன் ஏறாம வேற எவன் ஏறுவான்?”

அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தேன். “அதெல்லாம் ஒண்ணும் ஆவாது” என்று கையை உதறிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கமிட்டி முழுவதும் நின்ற இடத்தில் சொன்னேன்: “செவப்பு பலமில்ல. அடி வாங்குற எடம். இப்பிடியே கெளம்புனா வளைவுல கவுந்துரும்.”

காரியதரிசி அப்பாவைப் பார்த்தார். “தலைவர் வேற மாதிரியில்ல வெளக்குனாரு?”

அப்பா சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார். சபையில் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டேன்.

“நான் சொன்னது தப்பு,” என்றார். “நான் எட்டாம் வகுப்பு. அவ இஞ்சினியர்.” வெல்டிங் செய்தவர் பக்கம் திரும்பினார். “பாஸ், மேல போட்டதப் பூராவும் வெட்டிருங்க. கால்ல போடுங்க.”

தப்பு என்ற சொல்லை அப்பா தனக்காகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. வெல்டிங் பாஸ் முணுமுணுத்துக்கொண்டே கிரைண்டரை எடுத்தார்.

எனக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. புது அளவுகளை எடுத்து, மடிக்கணினியைத் திறந்து மறுபடி ஓட்ட உட்கார்ந்தேன். உச்சியில் நிற்பவருக்கு எண்பது கிலோ என்று போட்டிருந்தேன். அப்பா எண்பது கிலோ ஆள்தான். சின்ன வயதிலிருந்து எனக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் ஞாபகத்திலிருந்து எண்களைப் போடாதீர்கள், அளந்து போடுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் நான். கொழுந்து நிறுக்கும் மடுவம் பக்கத்திலேயே இருந்தது; நிறுப்பவரும் கமிட்டியில் ஒருவர். அப்பா தொங்கு தராசின் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கித் தொங்கினார்.

“அம்பத்தொண்ணு,” என்றார் நிறுப்பவர்.

நான் மறுபடி பார்க்கச் சொன்னேன். மறுபடியும் அதுவேதான்.

“கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரி தண்ணிக்கும் சாக்குக்கும் ரெண்டு கிலோ கழிச்சுக்க புள்ள,” என்றார் அப்பா தொங்கிக்கொண்டே. “இங்க அதான வழக்கம்.” எல்லாரும் சிரித்தார்கள்.

எண்பதை அழித்து ஐம்பத்தொன்று போட்டு ஓட்டினேன். படம் நீலமாக வந்தது. உச்சியில் பாரம் குறைந்ததால் சப்பரம் நான் நினைத்ததைவிடப் பத்திரமாக இருந்தது.

“இப்ப ஏறலாமா?” என்றார் அப்பா, தோளுக்குப் பின்னால் நின்று.

“ஏறலாம்ப்பா,” என்றேன், திரையைவிட்டுத் திரும்பாமல். கணக்குப்படி அது நல்ல செய்தி.