வெட்டப்பட்ட பதினோராம் பக்கம்

உடுவிலில் பிறந்த தக்சாயினி நரம்பியல் மருத்துவர். நரம்பு மண்டலத்தில் வரும் கிருமித் தொற்றுகளுக்குத் தனியாகச் சிறப்புப் பயிற்சி வேண்டுமென்று கொழும்பிலுள்ள குழுவொன்று முடிவெடுத்தபோது, பாடத்திட்டம் எழுதும் வேலையை இவள் தலையில் கட்டினார்கள். இரண்டு வருடம் மாய்ந்து மாய்ந்து எழுதினாள். மூளைக்காய்ச்சல், மூளைச் சீழ்க்கட்டி, விசர்நாய்க்கடி எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் ஏற்றவர்கள், பதினோராம் பக்கத்தை மட்டும் மூன்றாம் தடவையும் வெட்டித் திருப்பி அனுப்பினார்கள். 'இது மருத்துவம் அல்ல, குடும்ப விவகாரம்' என்று ஓரத்தில் சிவப்பு எழுத்து வேறு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடும்ப விவகாரமாம்! மூளையுறையில் என்ன கிருமி என்று அறிய, நாரியில், அதாவது முதுகின் அடிப்பகுதியில், ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதற்குச் சம்மதம் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் கிடைக்காது. கனடாவில் இருப்பவரிடம்தான் கிடைக்கும். வட்டுக்கோட்டைத் தோட்டக்காரர் கனகலிங்கத்துக்குக் காசநோய் மூளையுறைக்கு ஏறியிருந்தது. "இவரின்ரை அண்ணை கனடாவிலை. அவரைக் கேளாமல் நாரியிலை ஊசி குத்த விடமாட்டன்" என்று மனைவி இராசாத்தி மறித்தார். அண்ணை தொலைபேசியை எடுக்க இரண்டு நாள். மனிதர் பிழைத்தார், கண் பார்வை போய்விட்டது. அந்தச் சம்மதத்தை அன்றைக்கே கதைத்து வாங்குவது எப்படி என்பதுதான் பதினோராம் பக்கம். அதைப் பயிலாத நிபுணர் இங்கே வந்து என்னத்தைக் கிழிக்கப் போகிறார்?

நாலாம் தடவை அனுப்ப இருந்த கிழமை, தக்சாயினியின் அம்மா அருந்ததிக்குக் காய்ச்சல். மறுநாள் பிடரி விறைத்து, மகளையே யாரென்று கேட்டார். ஆஸ்பத்திரியில் மருந்தை ஏற்றிவிட்டு, தக்சாயினியிடம் பயிலும் நிரோஜா நாரி ஊசிக்கான சம்மதப் படிவத்தோடு வந்தாள்.

"கொஞ்சம் பொறும் பிள்ளை. எங்கடை அண்ணையிட்டை ஒரு சொல்லுக் கேட்டிட்டுச் சொல்லுறன். கனடாவிலை இப்ப விடியக்காலை நாலு மணி. எழும்பட்டும்" என்றாள் தக்சாயினி.

நிரோஜா போகவில்லை. "மேடம், அண்ணை வேண்டாம் எண்டால் விட்டிடுவீங்களோ?"

"இல்லை."

"அப்ப அவர் எழும்பினாப் பிறகு சொல்லுவம். இப்ப கையெழுத்தைப் போடுங்கோ."

தக்சாயினிக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. பதினோராம் பக்கத்தில் அவளே எழுதிவைத்த கேள்வி அது. கையெழுத்துப் போட்டாள்.

அம்மா தேறினார். தன் கதையையும் அந்தப் பக்கத்தில் சேர்த்து, பெயரையும் மறைக்காமல் போட்டு அனுப்பினாள். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: 'பக்கம் நன்று. வெளிநாட்டிலிருக்கும் எங்கள் ஆலோசகரின் சம்மதம் கிடைக்கும்வரை பொறுத்திருக்கவும்.'