நெவிலா சொல்லாமல் விட்ட பல்

போலோஞ்ஞா நகரத்தில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் தெற்கே லெச்சேயிலிருந்து மருந்தியல் படிக்க வந்தவள். மற்ற இருவருக்கும் கலை வரலாறு. ஃபியம்மெத்தா பக்கத்து ஊரான ஃபெராராக்காரி. அவள் அம்மா பழைய ஓவியங்களைப் பழுது பார்ப்பவர். நெவிலா கடல் தாண்டி, அல்பேனியாவிலிருந்து வந்தவள். அப்பா பஸ் ஓட்டுநர். எங்கள் மொழியைச் சிறுவயதில் டிவி பார்த்தே கற்றிருந்தாள்.

முதல் வருடத் தேர்வு வாய்மொழித் தேர்வு. பேராசிரியர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல, மற்றவர்கள் பின்னால் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நெவிலா ஒரு வரி பிசகாமல் சொன்னாள். முப்பதுக்கு இருபத்தாறு. அடுத்துப் போன ஃபியம்மெத்தா, ஏழு வயதில் அம்மாவோடு சாரத்தில் ஏறி ஒரு சுவரோவியத்தைத் தொட்டுப் பார்த்த கதையைச் சொன்னாள். பேராசிரியர் சிரித்துக்கொண்டே முப்பது போட்டார்.

"நேத்து பூரா நகத்துக்குச் சாயம் பூசிட்டிருந்தா, நீயே பாத்தல்ல?" என்றாள் நெவிலா, அடுப்பில் காபியை வைத்தபடி.

"பேச்சு வருது, பேசிட்டுப் போறா. விடேன்" என்றேன்.

"நான் புத்தகத்தப் பாத்து ஒப்பிச்சா இருபத்தாறு. அவ அம்மாகிட்ட கேட்டத ஒப்பிச்சா முப்பது."

அந்தப் புகைச்சல் அடங்கவில்லை. ஃபியம்மெத்தா ஊருக்குப் போகும் சனிக்கிழமைகளில் நெவிலா அவளுடைய பச்சைச் சால்வையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, அவளைப் போலவே தலையைச் சாய்த்துச் சிரித்துப் பார்ப்பாள். ஒருநாள் நான் பார்த்துவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் வருடம் ஆய்வேடு. ஃபியம்மெத்தா தன் ஊர்ப்பக்கத்துச் சின்னத் தேவாலயம் ஒன்றின் பீடத்து ஓவியத்தை எடுத்துக்கொண்டாள். எழுதி முடித்ததும் நெவிலாவிடம்தான் கொடுத்தாள்.

"ஒருதரம் படிச்சுப் பாருடி. உன் கண்ணுல எதுவும் தப்பாது."

அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரியும். கையில் இடுக்கி பிடித்த புனிதையைப் பற்றி ஃபியம்மெத்தா பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தாள், அது இடுக்கியால் சித்திரவதை செய்யப்பட்ட அகத்தா என்று. படத்தில் இடுக்கியின் நுனியில் அரிசியளவு வெள்ளை. பல். அப்படியானால் அது பல்வலிக்காரர்கள் வேண்டிக்கொள்ளும் அப்பொலோனியா. புனிதைகளோடு வளர்ந்தவளுக்கு அது கண்ணில் படவில்லை. முஸ்லிம் வீட்டில் பிறந்து ஒவ்வொரு புனிதையாக மனப்பாடம் செய்தவளுக்கு உடனே பட்டது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தாள்.

ஆய்வேட்டு அவையில் ஒரு வயதான பேராசிரியை கேட்டார்: "இடுக்கி நுனியில என்ன இருக்கு, பாத்தீங்களா?"

ஃபியம்மெத்தா திரையைப் பார்த்தாள். "பல்" என்றாள்.

நூற்றுப்பத்துக்கு நூற்றுமூன்று. அன்று மதியமே நெவிலாவுக்கு நூற்றெட்டு. இரண்டு பேர் தலையிலும், பட்டம் பெறுபவர்கள் சூடும் இலைக்கிரீடத்தை வைத்தோம். தூண்களுக்கு நடுவே நின்று படம் எடுக்கும்போது ஃபியம்மெத்தாதான் நெவிலாவின் தோளில் கை போட்டாள்.

வீட்டைக் காலி செய்யும் நாளில், தன் ஆய்வேட்டில் நெவிலா படித்துக் கொடுத்த அந்தத் தாளை ஃபியம்மெத்தா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இங்க பென்சில அழிச்ச தடம் இருக்கு."

"ஆமா. அது பல்லுன்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் நெவிலா.

"ஏண்டி?"

"உனக்கும் ஒருதரம் கொறையட்டும்னுதான்."

ஃபியம்மெத்தா தாளை மடித்தாள். "அம்மா கை வச்சா அது அம்மாவோடதா ஆயிடும்னு அவங்ககிட்டகூட இதக் காட்டல. உன்கிட்ட மட்டுந்தான் குடுத்தேன்." பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

இப்போது நெவிலா இமோலாவில் பள்ளி ஆசிரியை. போன மாதம் என் மருந்துக்கடைக்கு வந்தாள். ஃபியம்மெத்தா ஏற்பாடு செய்த ஓவியக் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்ததாகச் சொன்னாள்.

"எப்படி இருந்துச்சு?"

"சுவத்துல எழுதி வச்சிருந்தது எல்லாத்தையும் படிச்சேன். ஒரு தப்பு இல்ல."

"அவளப் பாத்தியா?"

"மாடியில இருந்தா. சிரிப்பு கேட்டுச்சு." தலைவலி மாத்திரையை வாங்கிப் பையில் போட்டாள். "இன்னமும் எரியுதுடி எனக்கு. மன்னிப்புக் கேக்கலாம்னுதான் போனேன். அந்தச் சிரிப்பக் கேட்டதும் திரும்பி வந்துட்டேன்."