மிஸ்ஸியின் கப்சாய்

அப்பா கிள்ளானில் நாற்பது வருடம் மோட்டார் சைக்கிள் பழுது பார்த்தார். புல் வெட்டும் மெஷின், தண்ணீர் பம்பு, கோயில் ஜெனரேட்டர் என்று சின்ன எஞ்சின் எது வந்தாலும் திருப்பி அனுப்பமாட்டார். இப்போதும் பாசாரில் யாராவது என்னைப் பார்த்து, "நீ மெக்கானிக் மகதானே?" என்று கேட்பதுண்டு. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அதற்கு மட்டும் கொஞ்சம் சத்தமாகவே ஆமாம் சொல்வேன்.

ஒரு வண்டியை முடித்ததும் அப்பா அதில் ஏறிக் கடைவரிசையை ஒரு சுற்று சுற்றி வருவார். இறங்கிச் சாவியைக் கொடுத்துவிட்டால் அந்த வண்டி அதே கோளாறோடு திரும்பி வராது. அவர் இதைத் தன் வாயால் சொல்லிக்கொண்டதில்லை. சொல்வதற்கு ஊர் இருந்தது.

எழுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. ஆயுத பூசை அன்று மட்டும் பட்டறைக்குள் எனக்கு அதிகாரம் உண்டு. ஸ்பேனர், சுத்தியல், பழுதுக்கு வந்து நிற்கும் வண்டிகள் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வேலை. அந்த வருடம் அம்மா சந்தனத்தைத் தாராளமாகக் கரைத்துவிட்டாள். விளக்கு, சக்கரம், கைப்பிடி எல்லாம் முடிந்தும் கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. கடைசியாக நின்ற, கப்சாய் என்று நாங்கள் சொல்லும் சின்ன மோட்டார் சைக்கிளின் சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த பெட்ரோல் தொட்டியின் மூடிக்கும் தடிமனாக ஒரு பொட்டு வைத்தேன். யாரும் நினைக்காத இடத்தையும் விட்டுவைக்கவில்லை என்று எனக்குப் பெருமை.

அந்த வண்டி மிஸ்ஸியுடையது. மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிட்ட அவர் அரசாங்க மருத்துவச்சி. காப்பார் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பிரசவம் பார்க்க அதில்தான் போவார். செயின் மாற்ற விட்டிருந்த வண்டியைப் பூசைக்கு மறுநாள் எடுத்துப் போனார். அதற்கடுத்த நாள் தள்ளிக்கொண்டு வந்தார். வழியில் நின்றுவிட்டதாம்.

அப்பா மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து மூடினார். சந்தனம் அவர் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் பூசை முடிந்த வாரத்தில் எந்த வண்டியில்தான் சந்தனம் இல்லை? பிளக்கைத் துடைத்தார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், ஒரு சுற்று போய் வந்தார். வண்டி பட்டுப்போல ஓடியது. இரண்டு நாள் கழித்து அது லோரியில் ஏறி வந்தது.

"அண்ணே, நான் போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ள பொறந்து என்னைப் பாத்துச் சிரிக்குது," என்றார் மிஸ்ஸி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னைக்குப் போறது தலைச்சன் பிள்ளைக்கு. ரொம்பச் சின்னப் பொண்ணு. இன்னைக்கு வழியில நிக்க முடியாது லா."

பக்கத்து ஒட்டுக்கடைக்காரர் தேநீர் ஆற்றிக்கொண்டே, "மெக்கானிக்கு, எலுமிச்சம்பழம் வைக்க மறந்துட்டீங்களா?" என்றார்.

அப்பா தன் வண்டிச் சாவியை எடுத்து மிஸ்ஸியிடம் நீட்டினார். "என் வண்டியில போங்க மிஸ்ஸி. நான் இதுல பின்னால வர்றேன். இது நின்னாலும் நீங்க நிக்காதீங்க."

"திரும்பியே பாக்க மாட்டேண்ணே," என்று கிளம்பினார்.

பள்ளி விடுமுறை என்பதால் நானும் அப்பாவுக்குப் பின்னால் ஏறிக்கொண்டேன். செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்து சிறிது தூரம் போனதும் வண்டி இருமி நின்றது. மிஸ்ஸி சொன்னபடியே திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா கிக்கரை உதைக்கவில்லை. சீட்டைத் தூக்கி, காதைத் தொட்டியருகே வைத்து, மூடியை மெல்லத் திருகினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். மூடியைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாய்க்கால் ஓரத்து உடும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிய கம்பியால் மூடியில் எதையோ குத்திச் சுரண்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அந்த மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. அது வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் இறங்கும். துளையை அடைத்துவிட்டால் தொட்டி நிறைய இருந்தும் எஞ்சின் தவித்து நின்றுவிடும். பெட்ரோல் பார்க்க மூடியைத் திறக்கும்போதெல்லாம் காற்று உள்ளே போயிருக்கிறது, அப்பாவின் ஒரு சுற்றுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. இதெல்லாம் நான் வேலைக்குப் போய், சொந்தமாக ஒரு கப்சாய் வாங்கிய பிறகு தெரிந்துகொண்டது. தெரிந்த அன்று என் வண்டியின் மூடியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றிருந்தேன்.

அப்பா மூடியைச் சுரண்டிய பிறகு மிஸ்ஸியின் வண்டி தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம்வரை எங்கும் நிற்கவில்லை. குழாயடியில் காத்திருந்தோம். குழந்தை அழும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் மிஸ்ஸி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ஆம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உங்க நோயாளி எப்படிண்ணே?"

"என் தப்புதான் மிஸ்ஸி," என்றார் அப்பா. "மூடியில காத்துப் போற ஓட்டை அடைச்சிருந்துச்சு. நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

"உங்க வாயால இதக் கேக்கவா நான் அம்புட்டுத் தூரம் தள்ளினேன்?" என்று மிஸ்ஸி சிரித்தார். லயத்து வாசல்களில் நின்றவர்களும் சிரித்தார்கள். எது அடைத்திருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. சாயங்காலமே செய்தி ஒட்டுக்கடைக்கு வந்துவிட்டது. கடைக்காரர் பல வாரம் அதைச் சொல்லியே தேநீர் ஆற்றினார். அப்பா அவரோடு சேர்ந்து சிரித்தார்.

அன்று திரும்பும்போது எங்கள் வண்டியில் அப்பா சீட்டியடித்துக்கொண்டே வந்தார். எனக்கு அழுகை முட்டியது. தப்பே செய்யாதவர் என்று பள்ளியில் நான் பீற்றிக்கொண்ட என் அப்பா, இத்தனை பேர் முன்னால் தப்பை ஒத்துக்கொண்டுவிட்டாரே என்று கோபம். எப்போதும் அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டுதான் வருவேன். அன்று சாயவே இல்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீடு வரும்வரை விறைப்பாக உட்கார்ந்து வந்தேன்.