அறிந்தும் எழாதவன்

அந்த நாடகத்தைப் பாடமெடுப்பதில் தஹ்ஸீனை அடித்துக்கொள்ள சிதம்பரம் வட்டாரத்தில் ஆள் கிடையாது. பழைய அவல நாடகம்; கதை சின்னதுதான். ஒரு தளபதி. அவனுக்கு அரியணை கிடைக்க வேண்டுமென்று, அதற்கு உரியவனான அவனுடைய உயிர் நண்பன் மேல் தளபதியின் மனைவி பொய்ப்பழி சுமத்திவிடுகிறாள். நண்பனை நாடு கடத்துகிறார்கள், தளபதி அரசனாகிறான். பாதி நாடகத்துக்குப் பிறகுதான் அவனுக்கு விஷயம் தெரிகிறது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், மகராசன்.

பரீட்சைக்கு வருவது அதிலுள்ள முக்கிய வரிகள். இது யார் சொன்னது, எந்தப் பதவி ஆசையில் சொன்னது, எந்தக் குற்ற உணர்ச்சியில் சொன்னது என்று பிரித்து எழுத வேண்டும். மற்றவர்கள் கைடைப் பார்த்து ஒப்பிப்பார்கள். தஹ்ஸீன் வகுப்பையே கோர்ட்டாக்கிவிடுவாள். "ஏணியை நான் பிடிக்கிறேன், நீ மேலே மட்டும் பார்" என்று மனைவி சொல்லும் வரிக்கு, பிள்ளைகள் அவளைத் திட்டித் தீர்ப்பார்கள். தஹ்ஸீன் சிரித்துக்கொண்டே அரசனின் வரியைப் போர்டில் எழுதுவாள்: "அறியாமல் அமர்ந்தேன், அறிந்தும் எழவில்லை."

"இவன்தான் பெரிய குத்தவாளி. தெரியாத வரைக்கும் இவன் மேல ஒண்ணும் இல்ல. தெரிஞ்ச நிமிஷத்துலேர்ந்து எல்லாமே இவன் தலையிலதான்" என்பாள். இந்தத் தீர்ப்பு அவளுடைய சொந்தச் சரக்கு. எந்தக் கைடிலும் கிடைக்காது.

எந்தப் பாடத்தையும் முதலில் கேட்பது நசீர்தான். கடலூரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் அவள் கணவர். ஞாயிற்றுக்கிழமை மீன் ஆய்வது அவர் வேலை. அவர் பின்கட்டில் ஆய்ந்துகொண்டிருக்க, இவள் எதிரே உட்கார்ந்து பாடம் நடத்திப் பார்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மனுஷருக்கு நாடகம் முழுக்க மனப்பாடம்.

தோழி இளவரசியைப் பற்றிச் சொல்லாமல் தஹ்ஸீனைப் பற்றிச் சொல்ல முடியாது. அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் இருவரும் ஒரே அறை. பிறகு ஒரே தனியார் கல்லூரியில் வேலை. போன வருஷம் துறைத்தலைவர் பதவி காலியானபோது, சீனியர் இளவரசிக்குத்தான் அது வந்திருக்க வேண்டும். டியூஷன் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுக்கிறாள் என்று யாரோ நிர்வாகத்தின் காதில் ஓதிவிட்டார்கள். விசாரணையாவது ஒன்றாவது! நீங்களே விலகிவிடுங்கள் என்றார்கள், விலகினாள். நாற்காலி தஹ்ஸீனுக்கு வந்தது. தோழிக்காக அவள் செக்ரட்டரியிடம் போய்ச் சண்டை போட்டது உண்மை. நாற்காலியை வேண்டாமென்று சொல்லாததும் உண்மை. யாராவது ஒருத்தர் உட்காரத்தானே வேண்டும்?

அந்த ஞாயிறு சங்கரா மீன். மறுநாள் வகுப்புக்காக தஹ்ஸீன் ஏணி வரியை ஆரம்பித்திருந்தாள். இளவரசியிடமிருந்து போன். கடலூரில் ஒரு கல்லூரியில் வேலை கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. பழைய இடத்தில் விசாரித்துவிட்டுக் கைவிரித்துவிட்டார்களாம்.

"அதே பழியச் சொல்லி வேணாம்னுட்டாங்கடி. இனிமே எந்தக் காலேஜ்லயும் என்னைச் சேத்துக்க மாட்டாங்க" என்று அழுதாள்.

போனை வைத்த தஹ்ஸீன் கொதித்துப்போனாள். "எந்தப் படுபாவி சொன்னானோ, அவன் நாக்கு அழுகிப் போவட்டும்! அவன் குடும்பம் நடுத்தெருவுக்கு வரட்டும்!"

"பத்துவா செய்யாத தஹ்ஸீன்."

"ஏன் செய்யக்கூடாது? நல்லா சாபம் விடுவேன். அவன் குடும்பம்..."

"அது நம்ம குடும்பம்" என்றார் நசீர்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நசீர் மீனைப் பார்த்தபடியே பேசினார்.

"ஒங்க செக்ரட்டரி ஃபேன் வாங்கக் கடைக்கு வந்தாரு. பேச்சுவாக்குல சொன்னேன். அந்தப் பொண்ணு டியூஷன் எடுக்குதே, கேள்வித்தாளெல்லாம் வெளிய போவுதாமேன்னு. பதவி ஒனக்கு வந்தா போதும்னுதான். வேலையே போவும்னு நெனைக்கல, அல்லா மேல சத்தியமா."

அடப்பாவி மனுஷா! ஒரு வருஷமாக அந்த முகம் தெரியாத ஆளை இவள் திட்டத் திட்ட, எதிரே செதில் சுரண்டிக்கொண்டிருந்தது இந்த ஆள்தானா? பெருநாளைக்கு இளவரசி வந்தபோது, "நல்லா சாப்பிடும்மா" என்று பிரியாணியை அள்ளி வைத்ததும் இந்தக் கைதானா?

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீதான சொல்லுவே, தெரியாத வரைக்கும் குத்தமில்லன்னு. ஒன்னை அதுல சேக்க வேணாம்னுதான் சொல்லல. இன்னைக்கு ஒன் பத்துவா தாங்க முடியல."

அவளுடைய பாடத்தையே அவளுக்குக் குடையாகப் பிடித்திருக்கிறார்! பூனை வந்து ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போனது. இருவரும் பார்த்தார்கள், யாரும் விரட்டவில்லை.

"நாளைக்கு எங்கூட காலேஜுக்கு வர்றீங்க" என்று மட்டும் சொன்னாள்.

சொல்வது சுலபம். கல்லூரி வாசலுக்கு வந்ததும் கணக்குப் போட ஆரம்பித்தாள். சொன்னால் பதவி போகும். கடலூர் பஜாரில் புருஷன் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நசீரை வெளியே பைக்கோடு நிறுத்திவிட்டு, வகுப்பை முடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள்.

ஏணி வரியை எழுதினாள். அடுத்த வரியை விட்டுவிட்டு வேறு காட்சிக்குத் தாவினாள். முதல் பெஞ்சிலிருந்து பொன்னி எழுந்தாள்.

"மேடம், 'அறிந்தும் எழவில்லை' விட்டுட்டீங்க. யார் பெரிய குத்தவாளின்னு சொல்லவே இல்ல. சீனியருங்கல்லாம் அதத்தான சொல்லுவாங்க."

"நீங்களே சொல்லுங்க" என்றாள் தஹ்ஸீன்.

"தெரிஞ்சும் உக்காந்திருந்தவன்தான் மேடம்!" என்று வகுப்பே கத்தியது.

அவளுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. சாக்பீஸை வைத்துவிட்டு வராண்டாவுக்கு வந்து இளவரசிக்குப் போன் போட்டாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நசீர் அண்ணனா?" என்றாள் இளவரசி. பிறகு, "ஒனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து மத்தியானம்."

"இப்ப எங்க இருக்க? ஒன் ரூம்லயா?"

"இல்லடி. வராண்டாவுல. நின்னுகிட்டிருக்கேன்."

"அப்படியே செக்ரட்டரி ரூமுக்குப் போ. ஒக்காராத. சொல்லி முடிச்சிட்டு எங்கிட்டப் பேசு. அதுவரைக்கும் பேசாத."

போனை வைத்துவிட்டாள். தஹ்ஸீன் வாசலுக்குப் போய்க் கணவரை அழைத்தாள். நசீர் ஹெல்மெட்டோடேயே பின்னால் வந்தார். செக்ரட்டரி அறைக் கதவருகில் அவள் நின்றாள்.

"அதைக் கழட்டுங்க. மொகம் தெரியட்டும்."