எழுத்தாளர் வீட்டுக் கூடத்தில்

அந்த எழுத்தாளரின் கதைகள் என்றால் அப்போது எனக்கு உயிர். வாராவாரம் பத்திரிகை வந்ததும் முதலில் பிரிப்பவள் நான்தான். "அவரோட சொந்த ஊருக்கே கார்ல போறோம், அப்படியே மாமல்லபுரம் கடலையும் பார்க்கலாம், வர்றியா?" என்று அப்பா கேட்டதும் துள்ளிக் குதித்தேன். ஐம்பதுகளில் ஒரு கோடை அது. பி.ஏ. சேர எனக்கு இடம் கிடைத்திருந்தது.

காரில் அம்மாவுக்கும் மாமிக்கும் நடுவில் என்னைத் திணித்தார்கள். அந்த வெயிலில் பட்டுப் புடவை வேறு. செங்கல்பட்டு தாண்டியதும் புழுக்கம் தாங்காமல் ஜன்னலோரம் கேட்டேன். "முகமெல்லாம் புழுதியாயிடும்டி" என்று அம்மா அதட்டினாள். என் முகத்தின் மேல் என்றைக்கும் இல்லாத அக்கறை! மண்டு, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டி, காரோட்டி வந்த மாமா வழி கேட்டார். "ரைட்டர் வூடா? அதோ, தோப்பாண்ட கீது பாரு" என்று ஒரு சைக்கிள்காரர் கை காட்டினார்.

வாசலில் எழுத்தாளரே நின்று வரவேற்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூடத்தில் பஜ்ஜியும் காபியும் வந்தன. காபி இல்லாமல் அரை நாழி தாங்காத அப்பா டம்ளரை நகர்த்தி வைத்து, "முதல்ல முடிவாகட்டும், அப்புறம் கை நனைக்கிறோம்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. சம்பந்தம் பேசப் போன வீட்டில்தானே அப்படிச் சொல்வார்கள்! எதிரே எழுத்தாளரின் தம்பி மகன் பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கலாமென்றால் மாமி என் மணிக்கட்டை விடவில்லை. பாவிகளா, இதற்கா என்னை ஆசை காட்டிக் கூட்டி வந்தீர்கள்!

அந்தக் கூடத்தில் எனக்கென்று பேச ஒருவர் உண்டென்றால் அது எழுத்தாளர்தான் என்று நம்பினேன். பெண்ணைக் கேட்காமல் கல்யாணமா என்று கதைக்குக் கதை கொதிக்கிறவர் ஆயிற்றே! அவரைப் பார்த்தே சொன்னேன்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். நான் படிக்கணும்."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எழுத்தாளரோ தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"பலே! என் கதாநாயகி பேசற மாதிரியே பேசறாளே! அத்தனையும் நெட்டுருப் போட்டிருக்கா!"

அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "வீட்டுல எப்பவும் உங்க கதைதான்" என்று அவரும் சிரித்தார். பையனும் சிரித்தான். இது கதையில் படித்ததல்ல, நான் சொல்வது என்று கத்தினேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவன் அம்மா என் தலையில் பூ வைத்துவிட்டாள்.