இடது இன்ஜினுக்கு வைத்த சந்தனம்

ஒரகடத்தில் எங்கள் ஷெட்டில் ஒரு பழைய மோட்டார் படகைப் புதுப்பித்திருக்கிறோம். இரண்டு இன்ஜின், தனித்தனி டேங்க். நாளை கோவளத்தில் கடலில் இறக்க வேண்டும்.

இன்று இடதுபக்க இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு திணறி நின்றுவிடும்.

மெக்கானிக் ஏகாம்பரம் ஃபில்டரை மாற்றினான். பம்பை மாற்றினான். கடைசியில் என் பக்கம் திரும்பினான். டீசல் வாங்கி வருவது என் வேலை.

"இந்தக் கைநாட்டு தண்ணி கலந்த டீசல ஊத்திகீது. ஓனர் வரட்டும், இன்னிக்கே உன்ன அனுப்பிடறேன்."

"ஒரே கேன்லதான் ரெண்டு டேங்குக்கும் ஊத்தினேன். வலது இன்ஜின் மட்டும் இன்னாத்துக்கு ஓடுது?"

"வாய மூடு பெருசு."

ஓனர் வந்தார். தண்ணீரைக் காட்டப்போகிறேன் என்று, இன்ஜின் திணறும்போதே ஏகாம்பரம் டேங்க் மூடியைத் திறந்தான்.

உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. இன்ஜின் சீராக ஓடத் தொடங்கியது.

டேங்குக்குள் காற்று போனால்தான் டீசல் இறங்கும்; அதற்கான சின்னத் துளை படகின் வெளிப்பக்கம் இருக்கிறது. ஓனர் போய்ப் பார்த்தார். சந்தனம் காய்ந்து துளையை அடைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை பூஜையில் படகு முழுக்கப் பொட்டு வைத்தவன் ஏகாம்பரம். என்னைத் தொடவே விடவில்லை.

முதியோர் வகுப்பில் இப்போதுதான் எழுதப் பழகினேன். இந்தப் பதிவைப் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். ஒவ்வொன்றும் இனித்தது.

அந்தச் சந்தனத்தில் அவன் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. சுரண்டுவதற்கு முன் போட்டோ எடுத்துவிட்டேன். கீழே கமெண்டில் போடட்டுமா?